இரண்டு கேன்களுக்கு ஒருத்தி

என் ரேடியோவே,

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று உலகச் செய்தியெல்லாம் சொல்வாயே, அதற்காக நான் வைத்த பேர். நீ போனபிறகு நம் மலையில் செய்தி சொல்ல ஆளில்லை. நான் ஐந்தாம் ஆண்டோடு படிப்பை விட்டவள். பரவாயில்லை, இன்றைக்கு நான் சொல்கிறேன், நீ கேள்.

அரபு நாட்டுப் பக்கம் மறுபடியும் சண்டையாம். கப்பல் வராதாம், எண்ணெய் தீர்ந்துவிடுமாம். டிவியில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனுசன் விரலை ஆட்டி ஆட்டி விளக்கினான். முன்பு டொலர் முடிந்துபோச்சு என்று விளக்கியவனும் இவனேதான். சொன்னது எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அவன் கன்னம் மட்டும் கொழுத்துக்கொண்டே போகிறது.

அப்போது நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "நம்ம கொழுந்தை வித்துத்தானே டொலர் வருது? நாம பறிக்கிறத நிறுத்தவேயில்லையே. அப்ப அதைத் தின்னது யாருடி?" என்று கேட்டாய். இன்றுவரை ஒருத்தனும் பதில் சொல்லவில்லை. இப்போது நாடு எழுந்து நின்றுவிட்டதாம். எழுந்தது யார் வீட்டு நாடோ, நம்ம லயத்துக் கூரை அப்படியேதான் ஒழுகுகிறது.

முந்தாநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி எங்களை வரிசையாக நிறுத்தி, "அங்க சண்டை. தேயிலை போகாம தேங்குது. சம்பளத்தைப் பத்தி யாரும் இப்ப வாயைத் திறக்காதீங்க" என்றார்.

"ஏங்க, தேயிலை விலை ஏறினப்ப மட்டும் கப்பல் நமக்குச் சொல்லாமலே போயிருச்சுங்களா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கங்காணி என்னை முறைத்துவிட்டு, "செத்தும் அவ வாய் அடங்கலையே" என்றார். அடங்கவில்லைதான், உன் வாய் இப்போது என்னிடம் இருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உன் மகள் செல்விக்காக.

அவள் கண்டி டவுனில் புடவைக் கடையில் நிற்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், சண்டை போடுகிறாள். நேற்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, கட்டிலுக்கடியில் கிடந்த இரண்டு பழைய மண்ணெண்ணெய்க் கேன்களையும் இழுத்தாள்.

"பெரியம்மா, டவுன்ல எல்லாரும் கேனைத் தூக்கிட்டு ஓடுறாங்க. நாளைக்கு லீவு போட்டு ரெண்டுக்கும் நானே நிக்கிறேன். நீங்க மலைக்குப் போங்க, லேட்டாப் போனா அரைச் சம்பளம்தான்."

ஒரு சொல் மாறாமல் அன்று காலையில் நீ சொன்னது அது.

டொலர் முடிந்த அந்தக் காலத்தில் ஒருத்தி வேலைக்குப் போவாள், இன்னொருத்தி இரண்டு கேனுக்கும் வரிசையில் நிற்பாள். நாம் எல்லோரும் அப்படித்தானே செய்தோம்? அன்று உன் முறை. கலஹாவில் எண்ணெய் விற்கும் செட்டில் வெயிலில் நின்றாய், உள்ளங்கையில் வரிசை நம்பர் எழுதியிருந்தது. நான் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்தபோது நீ தரையில் கிடந்தாய். சனம் உன்னைச் சுற்றிப் போய் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. எண்ணெய் செட்டின் வாசலிலேயே விழுந்த உன்னை ஏற்றிப் போக ஒரு ஆட்டோவிலும் எண்ணெய் இல்லை. இந்த விசயத்தை எந்தக் கழுத்துப்பட்டியும் டிவியில் விளக்கவில்லை.

அவர்களைக் காறித் துப்ப எனக்கு ஆசைதான். ஆனால் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்த வரிசையைப் பார்த்ததும் என் கண் முதலில் தேடியது உன்னை இல்லை. நம் கேன் இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்தது. அப்பாடா என்றுகூட நினைத்தேன். பிறகுதான் குனிந்து உன்னைப் பார்த்தேன். டொலரைத் தின்றவர்கள் என்னையும் அப்படி ஆக்கிவிட்டார்களா, இல்லை நானே அப்படிப்பட்டவள்தானா, தெரியவில்லை.

செல்வி கையிலிருந்த கேன்களைப் பிடுங்கினேன். கொல்லையில் வைத்து, விறகு வெட்டும் கத்தியால் இரண்டின் அடியையும் குத்திக் கிழித்தேன்.

"பைத்தியமா பெரியம்மா? நாளைக்கு எதுல சமைப்பீங்க?"

"விறகுலதான். இல்லைன்னா பச்சைத் தண்ணியைக் குடிச்சிட்டுப் படு."

கோபித்துக்கொண்டு தூங்கினாள். காலையில் கடைக்குத்தான் போனாள், வரிசைக்கு இல்லை. போகட்டும், கோபம் நல்லது.

உலகத்தில் எவன் எவனோடு அடித்துக்கொண்டாலும் சரி, எது தீர்ந்தாலும் சரி, நான் இருக்கிற வரை உன் மகள் எனக்காக எந்த வரிசையிலும் நிற்கமாட்டாள். இது சத்தியம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தலை சுற்றினபோதே உனக்குத் தெரிந்திருக்கும். பக்கத்திலேயே மரநிழல் இருந்தது. என் கேனை எட்டி உதைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கக் கூடாதாடி?

உன் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள்,
செல்வியின் பெரியம்மா