மூன்றாவது வரி

மெம்பிஸ், ஞாயிறு

என்னை விட்டுவிட்டு சிகாகோவுக்கு பஸ் ஏறிய மகராசனுக்கு,

நீ ப்ளூஸ் பாட்டுப் பாடி வாழ்ந்த வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்களே, அதைப் பார்க்க சர்ச் முடிந்ததும் வெர்லீன் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். நீயாக நடித்த பையனுக்கு உன் மூக்கு இல்லை. ஆனால் கிட்டாரைத் தூக்கும்போது தோளைச் சாய்ப்பாயே, அந்தத் திமிர் அப்படியே இருந்தது. நானாக நடித்தவள் வசனமே பேசாமல், முதுகைக் காட்டிக்கொண்டு கீரை கிண்டினாள். அந்த முதுகைப் பார்த்து எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

கடைசியில், நடக்காத ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றான். மறுபடியும் அதையே சொன்னான். அப்புறம் சும்மா நின்றான்.

உன் ப்ளூஸ் பாட்டிலும் அப்படித்தான், ஒரே வரியை இரண்டு தடவை பாடுவாய். மூன்றாவது வரிதான் அதற்குப் பதில். எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ளே வாய்யா, ரொட்டி ஆறுது" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"அப்படிச் சொல்லு தாயி!" என்று பின்வரிசையே கைதட்டியது. அக்கா மட்டும், "அடியே, அவன் நடிகன்டி" என்றாள்.

தெரியும். நாற்பது வருஷமாக நீ முதல் வரியையே இன்னும் பாடவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது வரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்