கையெழுத்து இல்லாத போர்

இன்று காலை நம் ஃப்ளாட் வாசலில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரி வந்து நின்றது. அதில் ஒட்டியிருந்த பாறைமாவின் ஈர வாசனை என் மாடிவரை ஏறியது. உடனே உன் நினைவுதான். நீ எங்களை விட்டுப் போய் இரண்டு கோடை ஆகிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் நியாயத்துக்குக் கோபப்பட ஆள் குறைந்துவிட்டது.

முதல் போரில் தண்ணீர் பீறிட்ட அன்று கற்பூரம் ஏற்றி, சர்க்கரைப் பொங்கல் செய்து, நீயும் நானுமே பின்தெருவுக்கும் கொண்டுபோனோம். அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே உறைகிணறு. அடுத்த மாதமே அது வற்றியது. பொங்கல் வாங்கிய அக்கா காலிக் குடத்தோடு நம் கேட்டுக்கு வந்தார். "உங்க பொங்கலு நல்லாத்தாம்மா இருந்துச்சி. எங்க கெணத்துல இப்ப இன்னா கீது, வந்து பாரு." உனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான், வெளியே சொல்லவில்லை.

அதன் பிறகுதான் வக்கீல் ஆபீஸில் டைப் அடித்த நீ நாடு நாடாகச் சட்டம் தேடினாய். மின்ரயிலில் தாம்பரம் வரும்வரை வாசித்துக் காட்டுவாய். இஸ்ரேலில் நிலத்தடி நீர் பொதுச்சொத்து. தென்னாப்பிரிக்காவிலும் நிலம் இருப்பதாலேயே தண்ணீர் சொந்தமாகிவிடாது. டெக்சாஸில் இறைத்தவன் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அனுமதி, கட்டுப்பாடு என்று தாள்கள் இருந்தாலும், என் நிலம் என் தண்ணீர் என்ற பேச்சுதான் நடக்கிறது. "டெக்சாஸ்காரன் நமக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்டி" என்று சிரித்தாய்.

இரண்டாவது போர் போடுவதற்கான ஃப்ளாட் சங்கக் கூட்டத்தில் நீ இதைச் சொன்னபோது, நாம் என்ன இஸ்ரேலிலா குடியிருக்கிறோம் என்று செயலாளர் கேலி செய்தார். நீ வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தாய். "நிலம் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் தண்ணின்னா, இந்த மண்ணுல எனக்கும் பங்கு இருக்கு சார். என் பங்குல ஓட்டை போட நான் சம்மதிக்கல." எல்லோருக்கும் பொதுவான, பிரிக்காத மனையில் உன் பங்கு எது என்று யாராலும் காட்ட முடியவில்லை. எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் துளை போட முடியாது என்றாகி, இரண்டாவது போர் நின்றது. முதல் போரையும் காலையில் ஒரு மணி நேரம்தான் ஓட்ட விட்டாய். மழைக்குப் பிறகு உறைகிணறு ஊறியது.

இப்போது முதல் போரைவிட இருமடங்கு ஆழத்துக்குப் போகிறார்களாம். உன் ஃப்ளாட்டை வாங்கியவர் கையெழுத்துப் போட்டாயிற்று. மிச்சம் நான் ஒருத்திதான். மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது, ஊருக்கு இரங்கினால் நம் உலை கொதிக்குமா என்று செயலாளர் பேனாவை நீட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. என் வீட்டிலும் துவைக்காத துணி மலையாகக் கிடக்கிறது.

"மாட்டேன் சார். பின்தெருக்காரங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. அவங்க சரின்னா நானும் போடறேன்."

லாரி திரும்பிப் போய்விட்டது. அதிலிருந்து மாடிப்படியில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். உன்னைப்போல எனக்குச் சட்டம் தெரியாது. உன் பிடிவாதம் மட்டும் முழுசாக என்னிடம் இருக்கிறது. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.