டேனியலுக்காக என்ன கேட்பது

14.8.1991, புதன்

பெரியவன் மகள், என் பேத்தி ஜெயாவுக்கு ராஜபாளையம் மில் ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது. அவள் தம்பி பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் பாஸ். என் மகளின் சின்னது கோயிலில் ஞாயிறு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து முதல் பரிசு வாங்கியிருக்கிறது. சாயங்காலம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதையெல்லாம் சாட்சியாகச் சொன்னேன்.

"ஏட்டி ரூத்து, இது ஸ்தோத்திரமா, தண்டோராவா?" என்றாள் எஸ்தர் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். "சின்னவன் மகன் டேனியல மட்டும் முழுங்கிட்டியே?"

"அவனும் பம்பாய்ல நல்லாத்தான் இருக்கான்க்கா" என்றேன்.

ஜெபக்கூட்டத்திலேயே பொய். பரீட்சையில் தோற்று, அப்பனோடு சண்டை போட்டு, ஏழு வருஷத்துக்கு முன் போனவன். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும், அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு முழங்காலில் நின்றேன். மற்ற பிள்ளைகளுக்கு வேலை, பாஸ் என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். இவனுக்கு என்ன வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. கேட்கத் தெரியாவிட்டால் ஆளை மனசுக்குள் நினைத்து ஆண்டவர் முன்னால் நிறுத்தினால் போதும், அதுவும் ஜெபம்தான் என்று கண்ணை மூடினேன். முகம் வரவில்லை. பஸ் ஏறின அவன் முதுகுதான் வந்தது. வேதாகமத்துக்குள் இருக்கும் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதில் அவன் முன்பல் விழுந்த பிள்ளை. இப்போது வயது இருபத்தைந்து.

ஆண்டவருக்கு அவனைத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

காலையில் கடுதாசி எழுத வேண்டும். வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது. ஏலே டேனியலு, இப்ப எப்படி இருக்கியோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து அப்பத்தாவுக்குத் தபால்ல அனுப்புய்யா.