உங்கள் பெயரில் ஒரு சட்ட மண்டபம்

அண்ணே, சட்டப் பள்ளியில் ஒரு மண்டபம் கட்ட நான் கொடுக்கும் நன்கொடைக்கான பத்திரத்தில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பள்ளிப் பிரதிநிதி, மிளகு நெடி தாங்காமல் தும்மிக்கொண்டே என் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தார். அந்த நெடியில்தான் நீங்கள் பத்து வருஷம் என் சரக்கை மாட்டு வண்டியில் ஏற்றி இறக்கினீர்கள்.

அன்று பெய்த மழையில் என் மிளகு மூட்டைகள் நான்கை ஜெலுத்தோங்கில் உங்கள் வீட்டில் இறக்கி வைக்கச் சொன்னதே நான்தான். மறுநாள் போலீஸ் வந்து, திருட்டுச் சரக்கு என்று உங்களைக் கொண்டுபோனது. வழக்கு நாளில் எனக்குக் கப்பல் வந்திருந்தது. ‘நம் மூட்டைதானே, நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்’ என்று துறைமுகத்திலேயே நின்றுவிட்டேன். சரக்கு நல்ல விலைக்குப் போனது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னிடம் வருமுன் நீங்கள் பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே துரை எது கேட்டாலும் முதலில் “ஆமாங்க தொரை” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். “இல்லை” என்று ஆரம்பித்தால் அடி விழும். கோர்ட்டில் நீதிபதி துரையிடமும் அதையே செய்தீர்கள். மூட்டை அடுத்தவருடையதா? “ஆமாங்க தொரை.” கேட்காமல் எடுத்தாயா? “ஆமாங்க தொரை.” அதற்குமேல் உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதம் என்று தீர்ப்பாகிவிட்டது. நான் வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஓடியபோது, “அவரே ஒத்துக்கொண்டாரே, இனி எதை வாதாடுவது?” என்று கையை விரித்தார்.

ஜெயிலில் கம்பிக்கு வெளியே நின்று கேட்டேன். “ஏண்ணே, எல்லாத்துக்கும் ஆமான்னா சொல்லுவாங்க?”

“ஆமான்னு ஆரம்பிச்சாத்தானே தம்பி பேச விடுவாங்க! நான் ஆரம்பிச்சேன், அவரு முடிச்சிட்டாரு” என்று சிரித்தீர்கள். மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டீர்கள். திருடன் என்ற பெயர் மட்டும் ஜெலுத்தோங்கில் நின்றுவிட்டது. உங்கள் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் அதைக் கேட்டுத்தான் திரும்பிப் போயின.

நேற்றும் அந்தப் பெயர்தான் குறுக்கே வந்தது. “முதலாளி, ஜெயிலுக்குப் போனவர் பேரைச் சட்டப் பள்ளி மண்டப வாசல்ல எப்படிப் போடுறது? உங்க பேரைப் போட்டுடுவோம்” என்றார் பிரதிநிதி.

“என் பேரு எல்லா மூட்டையிலயும் இருக்கு, அது போதும்.”

“அப்ப, ‘ஒரு நண்பர் நினைவாக’ன்னு...”

“அவரு பேர் இல்லன்னா பணமும் இல்ல லா ஐயா. வேற பள்ளிக்கூடத்துக்காரங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

பிறகு வழக்கை முதலிலிருந்து சொன்னேன். குற்றம் செய்யாதவர் பெயர் சட்டப் பள்ளியில் இருக்கக் கூடாதென்றால், வேறு யார் பெயர் இருக்கலாம் என்று கேட்டேன். அவர் பத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். தும்மல் நின்றிருந்தது. “அவர் பேரையே எழுதுங்க” என்றார்.

புண்ணியத்துக்காக இதைச் செய்யவில்லை அண்ணே. அன்று கோர்ட்டில் உங்கள் பக்கத்தில் காலியாக இருந்த இடம் என்னுடையது. அதில் இனி யாராவது நிற்க வேண்டும்.

பேசி முடித்தது இதுதான். நம் ஊர்ப் பணத்தில் ஐம்பதாயிரம் வெள்ளி. மண்டப வாசலில் உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயரோடு. பாதிப் பணம் இப்போது. மீதிப் பாதி, மாணவர்கள் ஒரு வருஷம் வக்கீல் இல்லாத ஏழைகளோடு கோர்ட்டுக்குப் போய், அவரவர் பாஷையில் கேள்வியை விளக்கி, அவர்கள் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நின்ற பிறகு.