இரண்டாவது காலண்டர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, தங்கை மூவரும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. அந்தக் குளிரில் உன் மூக்கடைப்பு விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டு இயந்திரங்களும் வார்டுப் படுக்கை விரிப்புகளைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன, நிற்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போனில் அனுப்பிவிடுவேன், தாள் தபாலில் மெதுவாக வந்து சேரட்டும். பேசியே இருக்கலாமே என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ "விடும்மா, ஒரு பாயிண்ட்டுக்குப் போய் இவ்வளவு வம்பா?" என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆஸ்பத்திரி ஆரம்பித்த நாளுக்காக வருஷா வருஷம் இங்கே வினாடி வினா நடக்கும் என்பது உனக்குத் தெரியும். சலவைக்கூடத்திலிருந்து இதுவரை யாரும் மேடை ஏறியதில்லை, மேஜை விரிப்பு துவைத்துக் கொடுப்பதோடு நம் பங்கு முடிந்துவிடும். இந்த வருஷம் நானும் இஸ்திரி போடும் மடிப்பு அண்ணனும் பெயர் கொடுத்தோம். இரண்டு மாசம் படித்தோம். அவர் ஒரு பக்கம் இஸ்திரி தேய்க்க, நான் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். நூறாண்டுப் போர் நடந்தது நூற்றுப் பதினாறு வருஷம், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், உலகத்திலேயே சின்னப் போர் முக்கால் மணி நேரம்கூட நடக்கவில்லை என்று எல்லாம் மனப்பாடம். அந்தச் சின்னப் போரைக் கேட்டுவிட்டு அப்பா, நம் வீட்டில் காலையில் நடப்பதே அதைவிட நீளம் என்கிறார். சில நாடுகள் பழைய காலண்டரைத் திருத்தியபோது அக்டோபர் நாலுக்கு மறுநாள் பதினைந்து என்று வைத்து, நடுவில் பத்து நாளையே காணாமல் பண்ணிவிட்டார்கள் என்று நான் படித்துக் காட்டியதும் மடிப்பு அண்ணன் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அந்தப் பத்து நாள் அழுக்கையெல்லாம் யாரு துவைச்சாங்க?" என்று கேட்டார். அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

போட்டியில் எல்லாரும் உதிர்ந்து கடைசியில் நாங்களும் மருந்தகத்துக்காரர்களும் சமமாக நின்றோம். ஆறு வருஷமாகக் கேடயம் அவர்களிடம்தான் இருக்கிறது. கடைசிக் கேள்வி எங்களுக்கு வந்தது. மனுஷன் நிலவில் முதன்முதலாகக் கால் வைத்த தேதி என்ன என்று கேட்டார்கள். மடிப்பு அண்ணன் என் காதில் "ஜூலை இருபது, சொல்லும்மா" என்றார். நான் எழுந்து ஜூலை இருபத்தொன்று என்றேன். கேள்வி கேட்டவர் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட், நல்ல மனுஷர்தான். அட்டையைப் பார்த்துத் தப்பு என்றார். ஐயா, நிலவுக்குப் போனவங்க ஊர்க் கடிகாரத்தில்தான் அது இருபதாம் தேதி ராத்திரி, பதினோரு மணிக்கு நாலு நிமிஷம் இருந்தது, நம்ம ஊரில் அப்போ இருபத்தொண்ணு விடிஞ்சாச்சு என்றேன். "அட்டையில என்ன இருக்கோ அதுதாம்மா" என்று அடுத்த அணிக்குப் போய்விட்டார். அவர்கள் இருபது என்றார்கள். கைதட்டல், கேடயம், போட்டோ எல்லாம் ஆயிற்று.

கேடயம் போனது கூட ஆறிவிடும். மடிப்பு அண்ணன் அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "ஆச்சு" என்கிறார், அவ்வளவுதான். அவர் சொன்னதையே நான் சொல்லியிருந்தால் கேடயம் இப்போது நம் அலமாரி மேல் இருந்திருக்கும் என்பது உண்மை. பதினேழு வருஷம் ஒரே அறையில் ஒரே ஆவியில் வெந்தவர்கள் நாங்கள். அவர் சரியாகச் சொல்லியும் என் தலைக்கனத்தால் தோற்றோம் என்று அவர் கடைசிவரை நினைப்பதை என்னால் தாங்க முடியாது.

எனக்கு அந்தத் தேதி எங்கிருந்து வந்தது தெரியுமா? புத்தகத்திலிருந்து இல்லை, உன்னிடமிருந்து. நீ போய் இறங்கிய அன்று போனில் "அம்மா, இங்க இன்னும் நேத்துதான்" என்று சிரித்தாயே, அன்றைக்கே இன்னொரு தேதி கிழிக்கிற காலண்டர் வாங்கி வந்து சலவைக்கூடத்துச் சுவரில் ஏற்கெனவே இருந்த காலண்டர் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினேன். முதல் காலண்டரைக் காலையில் வந்ததும் கிழிப்பேன். இரண்டாவது காலண்டரைப் பதினொன்றரைக்கு, உனக்கு அங்கே நடு ராத்திரி தாண்டும்போது கிழிப்பேன். நாலு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. எனக்கு லீவு என்றால் மடிப்பு அண்ணன் கிழிப்பார். அந்தத் தாள் கிழிகிற சத்தம் கேட்டால்தான் சலவைக்கூடத்தில் டீக்கு எழுந்திருப்பார்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு தேதி உண்டு என்று தினமும் பார்க்கிற எனக்கு, அட்டையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் எப்படி வாயை மூடிக்கொண்டு உட்காருவது? நீ விடு என்றபோது வலித்தது அதனால்தான்.

புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபது தப்பென்று நான் எழுதவில்லை, இருபத்தொன்றும் சரி, கேடயம் ஆளுக்கு ஆறு மாசம் இருக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். வாபஸ் வாங்குவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்று ஆபீஸிலிருந்து இரண்டு தடவை ஆள் விட்டார்கள். எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் தன் அறையில் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். நான் இரண்டு காலண்டரையும் ஆணியோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். மடிப்பு அண்ணனையும் கட்டாயம் வரச் சொல்லி அவர் இஸ்திரி மேஜையில் சீட்டு எழுதி வைத்தேன். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அந்தப் பத்து மணி உனக்கு வியாழக்கிழமை ராத்திரி பத்தரை, தூக்கம் சொக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு போன் பண்ணு. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி என்று மட்டும் கேட்பேன். எனக்காக வாதாட வேண்டாம், விளக்கம் வேண்டாம். உன் சுவரில் என்ன இருக்கிறதோ அதைச் சொல், போதும். மற்றது அம்மா பார்த்துக்கொள்வேன்.

தலைக்கு எண்ணெய் வை, கம்பளிச் சட்டையை வெந்நீரில் போடாதே, சுருங்கிவிடும். எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இரு ராஜா. இயந்திரம் நின்றுவிட்டது. மணி பதினொன்று இருபது. மடிப்பு அண்ணன் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு உன் காலண்டர் பக்கத்தில் போய் நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறார். இன்றைக்கு அவரே கிழிக்கட்டும்.

உன் அம்மா
இங்கே செவ்வாய்க்கிழமை, உனக்கு இன்னும் பத்து நிமிஷம் திங்கட்கிழமை