பொய்ச்சோறு தின்ற மாமாவுக்கு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய மாமா,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. போன இடத்தில் பசி என்று ஒன்று உண்டா, இல்லையா? அதுவாவது தெரிந்தால் தேவலை. இங்கே உங்கள் அவரைப் பந்தல் இந்த வருஷமும் பூத்திருக்கிறது. மோட்டார் கொட்டகையில் இரண்டு ஓடு விழுந்துவிட்டது. உங்கள் பிள்ளை "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். அவருடைய பாக்கலாம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா?

வருகிற மாதம் உங்களுக்கு வருஷத் தெவசம். அதற்குள் உங்களிடம் கொஞ்சம் பேசி முடித்துவிட வேண்டும். நீங்கள் இருந்தவரைக்கும் மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மருமகள் நான். இப்போது பேசுகிறேன். எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நிலத்துப் பக்கம் போய்விட உங்களால் முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்களுக்குச் சக்கரை என்று டாக்டர் சொன்ன அன்று கூட வந்தவள் நான்தான். சோற்றைக் குறைங்க என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அரக்கோணம் ரயில்வே வேலையில் இருந்த காலத்திலேயே உங்கள் டிபன் கேரியரைப் பார்த்துவிட்டு நாலு பேர் சாப்பாடா என்று கேட்பார்களாம். ஒரு கரண்டி வைத்தால் ஒன்பது கரண்டி கேட்கிற மனிதரிடம் போய்க் குறை என்றால் என்ன அர்த்தம்? அதனால்தான் நான் குறைக்கவில்லை, நிறுத்தினேன். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, எதுவும் கிடையாது. அப்படிச் செய்யலாமா என்று அந்த டாக்டரிடமே கேட்டுக்கொண்டு, மாத்திரையையும் அதற்கேற்ப மாற்றி வாங்கிக்கொண்டுதான் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டீர்கள். அங்கே நின்றால் மலைக்கோயில் தெரியும். "சுகுணா, சக்கரைன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்காதம்மா. பொண்ணுங்களுக்குக்கூடத் தெரிய வேணாம். ஆளு கவுந்துட்டான்னு பேசுவானுங்க. மலையப் பாத்து சொல்லு" என்றீர்கள். மலையைப் பார்த்துச் சொன்னேன். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கையெழுத்து ஒன்றும் தேவையில்லை. மலையில் இருக்கிறவன் கேட்டுக்கொண்டான் என்று அர்த்தம். என்னைத் தவிர உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

உங்களுக்கு மட்டும் தனித் தட்டு வைத்தால் அது பத்தியம் ஆகிவிடும், முகம் கோணுவீர்கள் என்று தெரியும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அதே சாப்பாடு என்று மாற்றினேன். நீங்களும் சும்மா இருக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நெல் போட்ட கழனியில் காய் போட்டீர்கள். ஊரில் கேட்டவர்களிடம் கிணற்றில் தண்ணி போதவில்லை என்றீர்கள். காலையில் சைக்கிளின் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு வருவீர்கள். பீர்க்கங்காயில் பனி ஈரம் போயிருக்காது. முருங்கைக்கீரைக் கட்டை வாசலில் வைத்துவிட்டு, "இன்னிக்கு இன்னாம்மா இத்த வச்சு?" என்று கேட்பீர்கள்.

பச்சைப்பயறை ஊறவைத்து, ஒரு மணி அரிசி சேர்க்காமல் அரைத்து நான் முதலில் சுட்ட அடை ஞாபகம் இருக்கிறதா? கல்லிலிருந்து எடுக்க முடியாமல் சுரண்டினேன். "செங்கல்லு மாதிரி கீது, சுவரு வைக்கலாம்" என்றீர்கள். அப்புறம் துருவிய சுரைக்காயைச் சேர்த்து, இஞ்சி பச்சைமிளகாய் போட்டு, மாவைக் கொஞ்ச நேரம் ஆறப்போட்டுச் சுட்டபோது தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். மார்கழி, தை மாதங்களில் நம் கழனியில் காலிபிளவர் வரும். அதை அரிசி மாதிரி பொடிப்பொடியாக நறுக்கி, ஆவி காட்டி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, சாம்பார் ஊற்றித் தருவேன். அதற்கு "பொய்ச்சோறு" என்று பேர் வைத்தது நீங்கள்தான். "பொய்ச்சோறு இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று தட்டை நீட்டிய கைதானே அது?

எனக்குச் சோறு பிடிக்காது என்று நினைத்தீர்களா மாமா? சின்ன வயதிலிருந்து தயிர்ச்சோறு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டில் கஞ்சி வடிக்கிற வாசனை வரும்போது நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். வயிறு கூவும். உங்கள் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு உண்டு, உங்கள் பிள்ளைக்குக் கடைத்தெருவில் ஓட்டல் உண்டு. வீட்டோடு கிடந்த எனக்கு? நான் விட்டதை யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

கிருத்திகைக்கு விரதம் இருக்கிற ஊர் என்பதால் மாதத்தில் ஒரு நாள் உங்களுக்குச் சாக்கு இருந்தது. மற்ற நாளுக்கெல்லாம் நான்தான் சாக்கு. மணவூர்க் கல்யாணத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். பந்தியில் மூன்றாவது தடவையாகச் சோறு வாங்கிக்கொண்டு, "இங்கயாவது துன்றேன்பா, எங்க வூட்ல எங்க போடுறாங்க?" என்று உரக்கச் சொன்னீர்கள். பந்தியே சிரித்துத் திரும்பி என்னைப் பார்த்தது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும் ரயிலில், "ஒரு பேச்சுக்கு சொன்னேன்மா, மனசுல வச்சிக்காத" என்றீர்கள். உங்கள் பேச்சுக்கு என் பேர்தானா கிடைத்தது?

சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து அரக்கோணத்துப் பெரிய மகளோடு போன் பேசுவீர்கள். கீரை பறிக்க வந்த நான் வரப்பில் நிற்பது உங்களுக்குத் தெரியாது. "இன்னா சாப்ட்டேன்னு கேக்கிறியா? தழையும் கொடியும்தான். மாட்டுக்குப் போடுறாப்ல போடுறா" என்பீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி அழுகிற சத்தம் எனக்கே கேட்கும். மகள் தனக்காக அழுகிறாள் என்பதில் உங்களுக்கு ஒரு சுகம் இருந்தது மாமா. இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அதே அண்ணிதான் உங்கள் தலைமாட்டில் நின்றார். நீங்கள் பந்தலடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துபோக, உங்களைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்திய அன்று, நான் முதலில் அழவில்லை. அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் நீங்கள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து அடுப்பில் போட்டேன். வருகிறவர்கள் கண்ணில் பட்டால் உங்கள் மானம் போய்விடுமே. அப்புறம்தான் வந்து உங்கள் காலடியில் விழுந்து அழுதேன்.

வாய்க்கரிசி போடுகிற நேரம். அண்ணி கைநிறைய அரிசியை அள்ளி உங்கள் வாயருகே கொண்டு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கதறினார்: "துன்னு நைனா! இப்பவாவது வயிறு ரொம்பத் துன்னு! இந்த வூட்ல உனக்கு ஒரு புடி சோறு போட ஆள் இல்லையே நைனா!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். உங்கள் பிள்ளை தரையைப் பார்த்தார். நான் என் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தை போதும். சக்கரை என்று சொன்னால் எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கை, நீங்கள் பிணமாகக் கிடக்கும்போது, உங்கள் கண்ணெதிரே எப்படி உடைப்பது?

அன்று ராத்திரி உங்கள் பிள்ளையிடம் கேட்டேன், நீங்களாவது சொல்லக்கூடாதா என்று. "நைனா பேரு கெட்டுடும்ல" என்றார். "அப்ப என் பேரு?" என்றேன். "உன்னப்பத்தி எனக்குத் தெரியும்ல, வுடு" என்றார். அவருக்குத் தெரிந்தால் போதுமாம்! கருமாதி முடிந்து மளிகைக் கடைக்குப் போனால், "உங்க வூட்லதான் அரிசியே வாங்கறதில்லையாமே" என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள் கடைக்காரி. மாமனாரைப் பட்டினி போட்டுக் கொன்றவள் என்றுதான் இந்தத் தெருவில் எனக்கு இப்போது பேர். பெற்ற தாய்கூடத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமாலுமே சோறு போடலையாடி?" என்று கேட்டாள்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

போன மாதம் அண்ணிக்குக் கால் விரலில் ஒரு புண். ஆறவே இல்லை. அரக்கோணத்தில் டாக்டரிடம் காட்டியபோது, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெற்றவர்களுக்குச் சக்கரை இருந்ததா என்று கேட்டிருக்கிறார். "எங்க நைனா கல்லு மாதிரி இருந்தாரு சார். சோறு இல்லாமதான் போனாரு" என்று அண்ணி சொன்னாராம். உங்கள் பிள்ளை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு, ஏதோ சினிமாக் கதை மாதிரி என்னிடம் சொல்கிறார். "நீங்க சொல்லலையா?" என்றேன். "எப்டி சொல்றது" என்றார்.

மறுநாள் காலை ரயிலைப் பிடித்து நானே போனேன். அண்ணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்டிருந்தது. மலையைப் பார்த்துக் கொடுத்த வாக்கு மாமா. அரக்கோணத்தில் அந்த மலை தெரியாது என்றாலும் அது இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரை, மாத்திரை, கொல்லைப்புறச் சத்தியம், அடுப்பில் போட்ட அட்டை, எல்லாம்.

அண்ணி கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைப்பானேன்? அவர் சொன்னது என்ன தெரியுமா? "அப்பவே சொல்லியிருந்தா நானும் அப்பவே ரத்தம் பாத்துகினு இருப்பேனே. இப்ப வந்து சொல்றியே சுகுணா? உன்னாலதான் என் காலு இப்டி கீது."

பாருங்கள், இதுவும் என் தலையில்தான். வெறும் பழி என்றால் துடைத்துப் போட்டுவிடுவேன். ஆனால் அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. உங்கள் கௌரவத்துக்கு என் பேர் போனது சரி, உங்கள் மகளுடைய காலும் போக வேண்டுமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள்தான் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களே.

கொஞ்ச நேரம் கழித்து, "நைனாவுக்கு இன்னாதான் செஞ்சு போட்ட?" என்று கேட்டார். நம் கழனியிலிருந்து ஒரு பை காய் கொண்டுபோயிருந்தேன். அவர் அடுப்படியில் நின்று அவரைக்காய்ப் பொரியல் செய்தேன். சுரைக்காய் அடை சுட்டேன். முருங்கைக்கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்தேன். அண்ணி சாப்பிட்டார். இன்னொரு அடை கேட்டார். மெல்லுவதை நிறுத்திவிட்டு, "நல்லாத்தானே கீது. இத்தியா தழைன்னாரு?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கு வரவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "சுகுணா, பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம். எனக்குச் சக்கரைன்னு வெளிய தெரிய வேணாம். நைனாவுக்கு இருந்ததும் தெரிய வேணாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சிரித்துவிட்டேன் மாமா. அப்படியே உங்கள் குரல். உங்கள் பிடி.

"உங்க உடம்ப நீங்க சொல்லுங்க, சொல்லாம போங்க, அது உங்க இஷ்டம் அண்ணி" என்றேன். "என் மாமா விஷயத்துல இனிமே நான் யாருக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்." கையை விடுவித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். தட்டிவிட்டு வந்தது உங்கள் கையைத்தான் என்று ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

வாரம் இரண்டு நாள் அவருக்குக் காய் கொடுத்தனுப்புகிறேன். போய்ச் சொல்லித் தரவும் செய்வேன். அது உங்கள் மகள் என்பதற்காக இல்லை, ஆறாத புண்ணோடு இருக்கிற ஒரு மனுஷி என்பதற்காக.

தெவசத்துக்கு வருவோம். அன்று அடுப்படிப் பக்கம் யாரையும் விடமாட்டேன். உங்கள் இலையில் பொய்ச்சோறு இருக்காது. நல்ல பொன்னி அரிசி வாங்கி, நானே வடித்து, குவியலாக வைத்து, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றுவேன். உங்கள் பிள்ளைகள், சம்பந்திகள், தெருப் பெண்கள், அந்த மளிகைக் கடைக்காரி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொல்வேன். இது சத்தியம்: "என் மாமாவுக்குச் சக்கரை இருந்துச்சு. அவர் உசுரோட இருக்கணும்னுதான் நான் சோறு போடல. இன்னிக்குப் போடுறேன். இனிமே சோறு அவரை ஒண்ணும் பண்ணாது."

இப்படிக்கு,
உங்களுக்குச் சோறு போடாத மருமகள்,
சுகுணா
திருத்தணி