அறுந்த பொத்தான்கள்

மார்ச் 4
தங்கையின் கதை வந்துவிட்டது. சீட்டில் அழுகுணி ஆட்டம் ஆடுகிற, மீசைக்கு மை பூசுகிற, தோற்றால் சாப்பிடாமல் முறுக்கிக்கொள்கிற கிழவர். எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். அது எங்கள் அப்பா! என் வீட்டில் உட்கார்ந்து என் சமையலைக் குறை சொல்கிற அப்பா. எப்போதாவது எட்டிப்பார்க்கிறவள் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"நல்லா இருக்கு" என்று செய்தி அனுப்பினேன். அதை அடிக்கும்போது வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 5
பொறாமையெல்லாம் இல்லை. தலைவலி.

மார்ச் 9
என் புதுக் கதையைப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தேன். விரல் நடுங்கி, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாத ஒரு முதியவர். அப்பாவின் சட்டைகளில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்துத்தான் எழுதினேன். ஆசிரியர் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினார்.

"இவரும் போயிட்டாரா? உங்க கதைல ஒரு கிழவராவது பிழைக்கக் கூடாதாம்மா?" பிறகு, "உங்க தங்கச்சி எழுதினதைப் படிச்சீங்களா?"

படித்தேன் ஐயா, படித்தேன்.

மார்ச் 10
அப்பாவிடம் கேட்டே விட்டேன். "அவகிட்ட மட்டும் எல்லாம் சொல்றீங்க. நான் என்ன வேத்து ஆளா?"

"அவ வந்தா சீட்டுக்கட்டை எடுக்கறா. நீ வந்தா மாத்திரை டப்பாவை எடுக்கறே."

வேறு யார் எடுப்பார்களாம்? அவளே வந்து எடுக்கட்டுமே! அழுகை அழுகையாக வந்தது.

மார்ச் 14
ஆசிரியர் திருப்பித் தந்து மேசைமேல் கிடந்த என் கதையை அப்பா படித்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"உன் கதைல சாகறது எனக்குப் பழகிப்போச்சு. ஆனா விரல் நடுங்குதுன்னு எவன் சொன்னான்? பொத்தானையெல்லாம் நான்தான் அறுத்தேன். நகவெட்டியால."

"எதுக்குப்பா?"

மாடியில் இருக்கிற தையற்கார அம்மாவிடம் கொண்டுபோகத்தானாம்!

"எதிர்வீட்டுப் பல் டாக்டர் பேன்ட் பேன்ட்டா எடுத்துட்டுப் போறான். தினமும் அவன் கால் குட்டையாகுதா என்ன? அவன் போனா நாற்காலி போடறா. என்னை நிக்க வெச்சே தச்சுக் குடுத்து அனுப்பிடறா."

"பொறாமையாப்பா?"

"ஏன், உனக்கு மட்டும்தான் வருமா?"

நடுங்கும் விரல்கள் என்று என்னமாய் உருகி எழுதியிருந்தேன்! சீட்டுக்கட்டை எடுத்துவந்தேன். அழுகுணி ஆட்டம் ஆடினார். நானும்தான்.

மார்ச் 15
"இதைத் தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லையே."

அப்பாடா!

"எழுதட்டுமாப்பா?"

தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "பல் டாக்டரை வழுக்கையா எழுது."

மார்ச் 22
பழைய கதையைக் கிழித்துப் போட்டேன். புதியதில் யாரும் சாகவில்லை. டாக்டருக்கு வழுக்கை.

ஏப்ரல் 16
கதை வந்துவிட்டது. அப்பா மீசைக்கு மை பூசி, எல்லாப் பொத்தானும் இருக்கிற சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, இதழோடு மாடிக்குப் போனார். இன்னும் இறங்கவில்லை. நாற்காலி கிடைத்துவிட்டது போல.

தங்கையிடமிருந்து ஒரு செய்தி: "நல்லா இருக்கு."

அவ்வளவுதான். வேறு ஒரு சொல் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.